குதிரை வண்டிக்கு நான்கு

செய்தி வந்தபோது காலை மணி ஆறு ஐம்பத்தெட்டு. வரைவாளர் குளியலறைக் கண்ணாடி முன் நின்று ஒரு கன்னத்தை மழித்து முடித்திருந்தார். சோப்புப் பெட்டிக்குப் பக்கத்தில் கைபேசி அதிர்ந்தது. அழைத்தது மாமா, அவருடைய அக்காவின் கணவர். மாமா காலை நேரத்தில் பேசுகிற ஆள் இல்லை. சைக்கிள் கடையைத் திறந்து இரண்டு பஞ்சர் ஒட்டிய பிறகுதான் அவருக்கு வாயே திறக்கும்.

"மாப்ள, வளைவுல வண்டி கவுந்துருச்சு."

"எத்தனாவது நடையில?" என்று கேட்டார் வரைவாளர்.

மறுமுனையில், தூரத்தில் யாரோ தண்ணீர் கேட்டுக் கத்துவது மட்டும் கேட்டது.

"நாலாவதுல," என்றார் மாமா. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லியே பழகிய மனிதர். பிறகு, "அக்கா போயிட்டா மாப்ள," என்றார்.

வரைவாளர் கைபேசியைத் துடைத்து வைத்தார். மற்ற கன்னத்தையும் மழித்தார். பிளேடைக் கழுவினார், சட்டை மாட்டினார், பொத்தான்களை மேலிருந்து கீழாகப் போட்டார். மனைவி எழுந்து வந்து "யாரு போன்ல?" என்று கேட்டபோது, "மாமா. வண்டி கவுந்துருச்சாம்," என்றார். மீதியைச் சொல்ல அவருக்குத் தெரு முனை வரை நடக்க வேண்டியிருந்தது. அங்கிருந்து திரும்பி வந்து சொன்னார்.

அக்காவை அந்தச் சுற்றுவட்டாரத்தில் எல்லோரும் குதிரைக்காரம்மா என்றுதான் சொல்வார்கள். ஐம்பத்துநான்கு வயது. இருபத்தொன்பது வயது வரைக்கும் அவளுக்கும் குதிரைக்கும் ஒரு சம்பந்தமும் இருந்ததில்லை. தீவனக் கடையில் மூட்டை எடை போடுகிற வேலையில் இருந்தாள். ஒரு சவாரிக் கழகத்துக்குத் தவிடு அனுப்பப் போன இடத்தில், வயதாகிப் போனதால் ஒதுக்கிவிட்ட ஒரு குதிரையைப் பார்த்தாள். யாருக்கும் வேண்டாம் என்றார்கள். "அப்ப எனக்குக் குடுங்க," என்று கேட்டிருக்கிறாள். கழகத்து ஆட்கள் சிரித்துக்கொண்டே கயிற்றைக் கையில் கொடுத்துவிட்டார்கள். பதினான்கு கிலோமீட்டர் அதை நடத்தியே கூட்டிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தாள். அப்பா வாசலில் நின்று மேலும் கீழும் பார்த்தார்.

"எங்க படுக்க வைக்கப் போற? உன் கட்டில்லயா?"

"கட்டில் பத்தாதுப்பா. கால் நீளம்."

அன்றைக்கு வீட்டில் சிரிக்காமல் இருந்தது அப்போது பள்ளி மேல்வகுப்பில் படித்துக்கொண்டிருந்த தம்பி ஒருவன்தான். அவன் பின்கட்டை அளந்து, குதிரை திரும்புவதற்கு எத்தனை அடி வேண்டும் என்று தாளில் படம் போட்டுக்கொண்டிருந்தான். அந்தப் படத்தில் குதிரை, முதுகு வீங்கிய நாய் மாதிரி இருந்ததாக அக்கா கடைசி வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஒன்று ஐந்தானது. ஊருக்கு வெளியே ஒரு பழைய கிடங்கை லாயமாக்கினாள். வார இறுதிகளில் சவாரி கற்றுக்கொள்ள ஆட்கள் வந்தார்கள். மாமா அவளுக்கு அறிமுகமானதே ஒரு குதிரை அவருடைய சைக்கிள் சீட்டைக் கடித்துக் குதறியதால்தான். புது சீட்டு வாங்கிக் கொடுக்கப் போனவள் கல்யாணத்தைப் பேசி முடித்துக்கொண்டு வந்தாள். லாயத்தின் முன்பக்கம் மாமாவின் சைக்கிள் கடை, பின்பக்கம் குதிரைகள். பிள்ளைகள் இல்லை. கேட்கிறவர்களிடம், "இல்லாம என்ன, அஞ்சு இருக்கு. எல்லாம் நாலு கால்," என்பாள். கேட்டவர்கள் அடுத்த தடவை கேட்க மாட்டார்கள்.

முதல் குதிரை எப்போதோ செத்துப்போயிருந்தது; இப்போது இருந்த ஐந்தில் மூத்தது ஒரு பழுப்பு நிறக் குதிரை. பெயர் ஹெட்மாஸ்டர். வகுப்புக்குத் தாமதமாக வருகிறவர்களை அது பார்க்கிற பார்வையால் வந்த பெயர். வண்டியில் பூட்டினால் நடக்கும் ஒரே குதிரையும் அதுதான்.

லாயத்துக்கும் சவாரி மைதானத்துக்கும் நடுவே ஒன்றேகால் கிலோமீட்டர் தார்ச்சாலை. பாதி தூரத்தில் ஒரு வளைவு. அந்தச் சாலையில்தான் நூற்பாலைக்குப் போகிற பெண்கள் நடந்தார்கள், பள்ளிப் பிள்ளைகள் சைக்கிள் ஓட்டினார்கள், அக்காவின் மாணவர்கள் குதிரை மேல் போனார்கள். கல்குவாரி லாரிகளும் அதில்தான் போயின. எட்டு வருடத்துக்கு முன்பு அந்தச் சாலையை அகலப்படுத்தினார்கள். அதற்கு வரைபடம் போட்டது வரைவாளர்.

கிராமச் சாலைகள் அலுவலகத்தில் அவருக்கு ஸ்கேல் என்று பெயர். பெஞ்சில் உட்கார்ந்தால்கூட இரண்டு பக்கமும் சமமாக இடம் விட்டு உட்காருவார் என்று கிண்டல் செய்வார்கள். மேலிடம் ஏழு மீட்டர் தார் கேட்டது. அவர் ஏழு மீட்டர் வரைந்தார். இரண்டு பக்கமும் மண் தரையாகக் கிடந்த ஒன்றரை ஒன்றரை மீட்டர் தாருக்குள் போயிற்று. தார் விளிம்புக்கு அடுத்து ஒரு சாண் பள்ளம், அதற்கு அடுத்து மழைநீர் வாய்க்கால்.

வேலை முடிந்த வாரம் அக்கா அலுவலகத்துக்கே வந்துவிட்டாள், காலில் லாயத்துச் சேற்றோடு.

"டேய், ஓரம் எங்கடா?"

"தார்ல சேந்துருச்சுக்கா."

"அப்ப நாங்க எங்க போறது?"

"ஓரமா போங்க."

"அதைத்தானே கேக்குறேன். ஓரம் எங்க?"

பக்கத்து மேசைக்காரர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். வரைவாளர் அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். குடித்துவிட்டுப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு நூற்பாலைப் பெண்கள் லாரிச் சத்தம் கேட்டதும் வாய்க்காலில் இறங்கி நின்று, லாரி போனதும் ஏறி நடந்தார்கள். "லாரிக்கு மரியாதை செய்ற ஊரு நம்ம ஊருதான்," என்பாள் அக்கா. மாணவர்களுக்குக் கடிவாளம் பிடிக்கச் சொல்லிக் கொடுப்பதற்கு முன்பே ஒன்றைச் சொல்லிக் கொடுத்தாள்: வேகம் குறைத்து வருகிற எந்த வண்டிக்கும் கையை உயர்த்தி நன்றி சொல்ல வேண்டும். "ஒருத்தன் இன்னிக்குக் குறைச்சான்னா நாளைக்கும் குறைக்கணும். அதுக்குத்தான் கை." லாரி ஓட்டுநர்கள் பாதிப் பேருக்கு அவளைத் தெரிந்திருந்தது. அவர்களும் கை உயர்த்தினார்கள்.

ஒரு பலகையில் அவளே பெயிண்ட் அடித்து வளைவுக்கு முன்னால் நட்டு வைத்தாள். "மெதுவாப் போங்க. குதிரைக்கு ஹாரன் பாஷை தெரியாது." நாலு மாதம் நின்றது. அனுமதி இல்லாத பலகை என்று சாலைப் பணியாளர்கள் பிடுங்கிக்கொண்டு வந்து அலுவலகக் கிடங்கில் போட்டார்கள். போட்டவர்களில் ஒருவன் வரைவாளரிடம் வந்து, "சார், உங்க அக்கா பலகைன்னு தெரியும் சார். ஆனா லிஸ்ட்ல இருந்துச்சு," என்றான்.

பிறகு மனுக்கள். சாலையோடு ஒட்டித் தனியாக ஒரு பக்கப்பாதை, நடக்கிறவர்களுக்கும் சைக்கிளுக்கும் குதிரைக்கும். வளைவில் வேகக் கட்டுப்பாடு. கேட்டது இவ்வளவுதான். நாலாவது மனுவுக்குப் பதில் வந்தது: போக்குவரத்து எண்ணிக்கை எடுக்கப்படும்.

எண்ணிக்கை எடுக்க வந்தவர் ஒரு தற்காலிகப் பணியாளர். டக்டக் என்பது அவர் பெயர். கட்டைவிரலால் அழுத்தினால் ஒவ்வொன்றாக ஏறும் சின்ன எண்ணும் கருவி அவர் கையில் எப்போதும் இருக்கும். உறவுக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் வாசலில் நின்று வருகிறவர்களை எண்ணுவார் என்று பேச்சு. சாலையின் குறுக்கே சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டு, ஓரத்தில் நாற்காலியும் குடையுமாக ஏழு நாள் உட்கார்ந்தார். காலை ஆறு முதல் மாலை ஆறு வரை. கோட்டைத் தாண்டினால்தான் கணக்கு. ஒவ்வொரு மணி நேரத்துக்கும் தாளில் ஒரு கட்டம்.

வாரத்துக்குப் பத்தாயிரம் யூனிட் வந்தால் பக்கப்பாதை. வந்தது ஒன்பதாயிரத்து எண்ணூற்று நாற்பத்திரண்டு.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுச் சமையலறையில் மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். வரைவாளர் யூனிட் என்றால் என்ன என்பதை விளக்கிக்கொண்டிருந்தார். கார் ஒன்று. லாரி மூன்று. சைக்கிள் அரை.

"நடக்கிறவன்?" என்றார் மாமா.

"அவங்களுக்கு யூனிட் கிடையாது மாமா. பக்கத்துல குறிச்சு வைப்பாங்க."

"சைபரா?"

"சைபர்னு போட மாட்டாங்க. கட்டமே கிடையாது."

"நடக்கிறவனுக்குப் பாதை போட, நடக்கிறவனை எண்ண மாட்டீங்க," என்றாள் அக்கா. கோபமாகச் சொல்லவில்லை. வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னாள். "எங்களுக்கு எவ்வளவுடா? குதிரைக்கு?"

"குதிரை மேல ஆள் போனா அதுக்கும் கட்டம் இல்ல. குதிரை வண்டின்னா இருக்கு. நாலு."

"நாலா!"

"பழைய அட்டவணைக்கா. வண்டி மெதுவாப் போகும்ல, பின்னாடி வர்றவங்களுக்கெல்லாம் இடைஞ்சல். அந்த இடைஞ்சலுக்குத்தான் நாலு."

அக்கா கத்தியைக் கீழே வைத்தாள். மாமாவைத் திரும்பிப் பார்த்தாள். "கேட்டீங்களா? நான் சும்மா போனா ஒண்ணுமில்லையாம். இடைஞ்சலாப் போனா நாலு காராம்."

"அது உன்னைக் கட்டிக்கிட்டப்பவே எனக்குத் தெரியும்," என்றார் மாமா.

அவள் சிரித்த சிரிப்பில் வெங்காயத் தோல் மேசையில் இருந்து பறந்தது. வரைவாளரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே தாளை எடுத்துக் கணக்குப் போட்டார். குறைவது நூற்று ஐம்பத்தெட்டு. ஒரு நாளைக்கு மூன்று போக, மூன்று வர, ஆறு நடை. ஆறு நாலு இருபத்துநாலு. ஏழு நாளைக்கு நூற்று அறுபத்தெட்டு.

"அக்கா, அடுத்த தடவை எண்ண வர்றப்ப வண்டியைக் கட்டு," என்றார். "காலையிலயே ஆறு நடையும் முடிச்சிரு. அவ்வளவுதான் விஷயம்."

அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடம் இருந்த ஒருவர் சொல்லக்கூடிய யோசனைதான் அது. விதியில் எங்கேயும் தடை இல்லை. வண்டி போவது உண்மை, கோட்டைத் தாண்டுவது உண்மை. அவர் தன் வாழ்நாளில் அக்காவுக்குச் செய்த மிகப் பெரிய உதவி என்று அன்று அவருக்குத் தோன்றியது.

மறு எண்ணிக்கைக்கு ஒன்பது மாதம் ஆனது. டக்டக் அதே இடத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டார். அக்கா ஹெட்மாஸ்டரை வண்டியில் பூட்டினாள். முதல் நாள் காலை கோட்டைத் தாண்டும்போது நாற்காலியில் இருந்தவரைப் பார்த்து, "நாங்க நாலு கார் வர்றோம், வழி விடுங்க!" என்று கத்தினாளாம். ஒவ்வொரு நாளும் அதையே கத்தினாள். டக்டக் ஒவ்வொரு தடவையும் எழுந்து நின்று வழி விட்டார். நூற்பாலைப் பெண்கள் சிலர் போகிற வழியில் வண்டியில் ஏறிக்கொண்டார்கள்.

அந்த வாரம் கல்குவாரியில் இரண்டாவது ஷிப்ட் தொடங்கியிருந்தது. லாரிகள் அதிகமாக ஓடின. தினமும் மாலை ஆறு மணிக்கு டக்டக் தாளைப் படம் பிடித்து வரைவாளரின் கைபேசிக்கு அனுப்பினார். மணிக்கு ஒரு கட்டமாகக் குறித்திருக்கும். கூட்டுவது வரைவாளர் வேலை.

ஆறாம் நாள் மாலை ஏழரைக்கு அக்கா கூப்பிட்டாள்.

"டேய், லாரி எறும்பு மாதிரி போகுது. இன்னிக்கே பத்தாயிரம் தாண்டியிருக்கும்ங்கிறார் டக்டக். கொஞ்சம் கூட்டிப் பாரேன்."

"பாக்கலாம்க்கா."

"தாண்டியிருந்தா நாளைக்கு வண்டி வேணாம். ஹெட்மாஸ்டருக்குத் தோள்ல பட்டை உரசிப் புண்ணாயிருக்கு. மூஞ்சியைத் தூக்கி வச்சிக்கிட்டு நிக்குது."

ஆறு தாள்கள் கைபேசியில் இருந்தன. பத்து நிமிட வேலை. வரைவாளர் அப்போது சாப்பிட்டு முடித்து நாற்காலியில் சாய்ந்திருந்தார். கண் எரிந்தது. வேறு ஒரு காரணமும் இல்லை.

"நாளைக்கு ஆபீஸ்ல உக்காந்து கூட்டிக்கிறேன். எதுக்கும் நாளைக்கு ஒரு நாள் கட்டிடு."

"சரி சரி. ஒரு நாள்தானே. நாலு காரும் ரெடியா இருக்கும்."

வைத்துவிட்டாள்.

மறுநாள் காலை அவர் வளைவுக்குப் போய்ச் சேர்ந்தபோது அவளை ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டு போயிருந்தார்கள். மாமாவும் அதில் போயிருந்தார். வண்டி வாய்க்காலில் ஒரு சக்கரம் மேலே பார்க்கக் கிடந்தது. சக்கரம் நின்றிருந்தது. ஹெட்மாஸ்டரை அவிழ்த்துக் கொஞ்ச தூரத்தில் ஒரு மரத்தில் கட்டியிருந்தார்கள். முழங்காலில் காயம். புல் மேய்ந்துகொண்டிருந்தது.

ஒரு ஜல்லி லாரி ஓரமாக நின்றது. அதன் ஓட்டுநர் வரைவாளரிடம் வந்தார். யாரோ அடையாளம் சொல்லியிருக்க வேண்டும்.

"நான் மெதுவாத்தான் வந்தேன் சார். வண்டியைப் பாத்ததும் குறைச்சேன். அம்மா கை காட்டினாங்க. நானும் காட்டினேன். எனக்குப் பின்னாடி ஒரு கார். பொறுமை இல்ல. வளைவுல என்னை முந்தி எதிர்ல ஏறிட்டான். அம்மா ஓரம் ஒடிச்சாங்க. ஓரந்தான் இல்லையே சார்."

"கார்?"

"நிக்கல சார்."

வரைவாளர் தலையசைத்தார். தார் விளிம்பைப் பார்த்தார். சக்கரம் இறங்கிய இடத்தில் தார் ஓர் உள்ளங்கை அளவுக்கு உடைந்திருந்தது. குதிரை மட்டும் என்றால் அந்த விளிம்பில் ஒதுங்கி நின்றிருக்கும், எத்தனையோ தடவை நின்றிருக்கிறது. வண்டியின் அகலம் ஐந்தடி. இதையெல்லாம் அவர் யோசிக்கவில்லை, அவை தாமாகவே வந்து நின்றன, வரைபடத்தில் அளவுகள் வந்து நிற்பது மாதிரி. சுண்ணாம்புக் கோடு இருபதடி தள்ளி இருந்தது.

டக்டக் குடையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். போலீஸ்காரர் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். சொல்லிக்கொண்டிருக்கும்போது ஒரு பஸ் கோட்டைத் தாண்டியது. அவர் கட்டைவிரல் அழுத்தியது. அழுத்தியது தெரிந்ததும் அந்தக் கருவியைப் பையில் போட்டுவிட்டார்.

இரண்டு நாளில் எல்லாம் முடிந்தது. நிறைய பேர் வந்தார்கள். லாரிக்காரர்கள் வந்து தள்ளி நின்றுவிட்டுப் போனார்கள். வரைவாளர் வந்தவர்களுக்கு நாற்காலி போட்டார், வரிசை கோணாமல் போட்டார். மனைவி ஒருமுறை அவர் கையைப் பிடித்து, "உக்காருங்க," என்றாள். உட்கார்ந்தார். பிறகு எழுந்து இன்னொரு வரிசை போட்டார். அழுகை வரவில்லை. வரும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவரும் எதிர்பார்த்தார்.

மூன்றாம் நாள் காலையில் வளைவுக்கு முன்னால் அக்காவின் பலகை நின்றுகொண்டிருந்தது. யார் நட்டார்கள் என்று யாரும் சொல்லவில்லை. கிடங்குச் சாவி சாலைப் பணியாளர்களிடம்தான் இருக்கும். பழைய குழியிலேயே, முன்பைவிட நேராக நட்டிருந்தார்கள்.

மாமா நான்காம் நாளே கடையைத் திறந்துவிட்டார். வரைவாளர் போனபோது ஒரு பள்ளிப் பிள்ளையின் சக்கரத்தில் கோணல் எடுத்துக்கொண்டிருந்தார். சக்கரத்தைச் சுழல விட்டு, எங்கே உரசுகிறது என்று பார்த்து, அந்த இடத்துக் கம்பியை ஒரு திருகு திருகுவார். மறுபடியும் சுழல விடுவார்.

"சாப்டீங்களா மாமா?"

"ஆச்சு. அது நேத்தே தின்ன ஆரம்பிச்சிருச்சு," என்றார் மாமா, லாயத்துப் பக்கம் தலையை ஆட்டி. "கொள்ளு வச்சேன். ஒண்ணும் மிச்சம் வைக்கல. எனக்கு வந்த கோவத்துக்கு அளவே இல்ல. அப்புறம் அதுக்கு என்ன தெரியும்னு விட்டுட்டேன்."

"ம்."

"தோள்ல புண்ணு ஆறிட்டு வருது."

சக்கரம் சுழன்றது. வரைவாளர் மரப்பெட்டி மேல் உட்கார்ந்தார். தான் சொல்ல வந்ததைச் சொல்ல வேண்டும் என்று நினைத்தார். வண்டி கட்டச் சொன்னது நான்தான் மாமா. ஆனால் அது மாமாவுக்கே தெரியும். அவர் பக்கத்தில் இருக்கும்போதுதானே சொன்னது, அவரும்தானே சிரித்தார். ஆறாம் நாள் மாலை அக்கா பேசும்போதும் மாமா பக்கத்தில்தான் இருந்திருப்பார். அவளுக்கு மெதுவாகப் பேச வராது.

"மாப்ள," என்றார் மாமா, சக்கரத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "கூட்டிப் பாத்தியா?"

"இல்ல மாமா."

கம்பியில் திருகு ஒரு கால் சுற்று சுற்றியது.

"பாக்காத," என்றார் மாமா. சக்கரத்தை மறுபடியும் சுழல விட்டு, "பாத்தாலும் என்கிட்ட சொல்லாத," என்றார்.

"சரி மாமா."

"சந்தோஷமாத்தான் போனா. அன்னிக்கும் 'நாலு கார் கிளம்புது'ன்னு சொல்லிட்டுத்தான் போனா. நான் டயர்ல காத்து பாத்துட்டு இருந்தேன். திரும்பிக்கூடப் பாக்கல." சக்கரத்தைப் பிடித்து நிறுத்தினார். "இந்தா, இதை அந்தச் சுவத்துல சாத்தி வை. ரெண்டு மணிக்கு வந்து வாங்கிக்கும் அந்தப் பொண்ணு."

வரைவாளர் சாத்தி வைத்தார்.

அடுத்த வாரம் அலுவலகத்துக்குப் போனார். பொறியாளர் அவரைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, உட்காரச் சொல்லி, கதவைச் சாத்தினார். நல்ல மனிதர். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் பேனா மூடியைக் கழற்றிக் கழற்றிப் போட்டார்.

"அந்த வளைவு... பக்கப்பாதை. அது வந்துரும். இனி எண்ணிக்கை தேவைப்படாது."

"ஏன் சார்?"

"ஒரு உயிரிழப்பு இருந்தா அது வேற பிரிவுல போயிரும். யூனிட் பாக்க மாட்டாங்க. நேத்தே அனுப்பிட்டேன். ரெண்டரை மீட்டர், ரெண்டு பக்கமும். வேகக் கட்டுப்பாடும் சேத்து." மூடியைப் பேனாவில் போட்டார். "படம் வேற யாரையாவது போடச் சொல்றேன்."

"நானே போடறேன் சார்."

"நிச்சயமா?"

"எனக்குத்தான் அந்தச் சாலை தெரியும்."

ஒன்பது நாளில் போட்டு முடித்தார். வளைவின் உட்பக்கம் பார்வையை மறைக்கிற புதரை அகற்றக் குறிப்பு எழுதினார். தாருக்கும் பாதைக்கும் நடுவே வாய்க்காலை மூடி ஒரு மீட்டர் இடைவெளி விட்டார். லாயத்து வாசலுக்கு எதிரே கடக்கும் இடம். அலுவலக அச்சுத் தகட்டில் நடக்கிற ஆள், சைக்கிள், கார், லாரி எல்லாம் வெட்டியிருக்கும், பென்சிலை ஓட்டினால் போதும். குதிரை இல்லை. கையால் வரைந்தார். முதுகு வீங்கிய நாய் மாதிரிதான் வந்தது. அழிக்காமல் விட்டார். அதன் மேல் சின்னதாக ஓர் ஆளையும் வரைந்தார், ஒரு கையை உயர்த்தியபடி. பொறியாளர் கையெழுத்துப் போடும்போது அந்த இடத்தில் கொஞ்சம் நின்று, பிறகு பேனாவை எடுத்தார்.

படம் மேலிடத்துக்குப் போன அன்று டக்டக் அலுவலகத்துக்கு வந்தார். கையில் காக்கி உறை. உள்ளே ஏழு தாள்களின் அசல். ஏழாவது தாளில் ஆறு முதல் ஏழு வரை என்ற ஒரு கட்டம் மட்டும் நிரம்பியிருந்தது. அதில் குதிரை வண்டி என்ற வரிசையில் மூன்று கோடுகள்.

"ஒரு சந்தேகம் சார்," என்றார். நின்றுகொண்டேதான் பேசினார். "மூணு நடை தாண்டினாங்க. போட்டுட்டேன். நாலாவது... இருபதடி இருந்துச்சு. வந்துக்கிட்டுத்தான் இருந்தாங்க. 'நாலு கார்'னு அங்கிருந்தே கத்திட்டாங்க சார். நான் எந்திரிச்சுக்கூட நின்னுட்டேன். அதைப் போடணுமா, வேணாமா? ரெண்டு வாரத்துக்கு மேலா தெரியல சார்."

"கோட்டைத் தாண்டலையே."

"தாண்டல சார்."

"அப்ப வேணாம்."

"சரி சார்." அவர் போகவில்லை. "எல்லாத்தையும் சரியாத்தான் எண்ணினேன் சார். ஒண்ணும் விடல. நீங்க கூட்டிக்கிட்டீங்கன்னா ஃபைலை மூடிடலாம்."

"வச்சிட்டுப் போங்க. கூட்டிக்கிறேன்."

அந்த எண்ணிக்கை இப்போது யாருக்கும் தேவையில்லை. ஏழு தாள்களும் தேவையில்லை. அதிலும் ஏழாவதை விட்டுவிட்டு முதல் ஆறு தாள்களை மட்டும் கூட்டச் சொல்லி இந்த உலகத்தில் யாரும் கேட்கப் போவதில்லை. ஆறாம் நாள் மாலைக்குள் பத்தாயிரம் தாண்டியிருக்கலாம். தாண்டாமலும் இருந்திருக்கலாம். தாண்டாமல் இருந்தால், ஏழாம் நாள் அவள் வண்டி கட்டியதற்கு ஒரு காரணம் இருந்தது.

பக்கப்பாதை போட்டாயிற்று. வாய்க்காலில் இறங்காமல் பெண்கள் ஆலைக்கு நடந்து போகிறார்கள். ஹெட்மாஸ்டரை மாமா சாயங்காலத்தில் அந்தப் பாதையில் கயிற்றில் பிடித்து நடத்திக்கொண்டு போகிறார், சவாரி செய்ய அவருக்குத் தெரியாது. வளைவில் லாரி மெதுவாக வந்தால் கையை உயர்த்துகிறார். வண்டியை அவர் பழுது பார்க்கவில்லை, அது லாயத்துக்குப் பின்னால் தார்ப்பாய்க்கு அடியில் இருக்கிறது.

காக்கி உறை வரைவாளரின் மேசையில் இரண்டாவது இழுப்பறையில் இருக்கிறது. சில நாள் அதை எடுத்து ஆறு தாள்களையும் வரிசையாக மேசையில் பரப்புவார், விளிம்புகள் ஒரே கோட்டில் நிற்கும்படி. பென்சிலைச் சீவுவார். பிறகு வேறு வேலை வந்துவிடும், மடித்து உள்ளே வைப்பார். ஒவ்வொரு தாளின் அடியிலும் வலது மூலையில் 'மொத்தம்' என்று அச்சடித்த ஒரு கட்டம் இருக்கிறது. ஆறிலும் அது காலியாகத்தான் இருக்கிறது.